கேக்கில் என்ன எழுதுவது

"‘எல்லாத்துக்கும் நன்றி’ன்னு போட்டா என்ன?"

"அது கல்லறையில போடறது. எங்க அப்பா கல்லுல அதான் இருக்கு."

"அப்ப வெறும் ‘நன்றி’?"

"வெறும் நன்றின்னா, கிளம்பு வெளியேன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"அதத்தானே சொல்லப்போறோம்?" என்றாள் சூல்ஃப்ரிட்.

கிளப் வீட்டின் சமையலறையில் காபி இயந்திரம் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தது. ஸ்டுர்விக் கால்பந்து கிளப்பின் நிர்வாகக் குழுவில் நான்கு பேர். உதவிப் பயிற்சியாளன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தலைவர் குட்முண்ட் பல் மருத்துவர். வலிக்காது, வலிக்காது என்று சொல்லியே முப்பது வருடம் பிழைத்தவர். கடைசியில் அவர்தான் முடிவு சொன்னார்: "எழுத்தே வேண்டாம். அவனோட பழைய ஜெர்சி நம்பரை மட்டும் போடு. அவன் புரிஞ்சுப்பான்."

எங்கள் ஊரில் யாரையும் கேக் இல்லாமல் வேலையைவிட்டு அனுப்புவதில்லை. மீன் தொழிற்சாலையை மூடியபோது அத்தனை பேருக்கும் வெட்டிக் கொடுக்க மூன்று கேக் வந்தது. நூலகத்தில் ஆள் குறைத்தபோது ஸ்ட்ராபெர்ரி வைத்த கேக். பிறந்தநாளும் இல்லாமல் பண்டிகையும் இல்லாமல், வாரத்தின் நடுவில் மேசைமேல் பாதாம் மாவு போர்த்திய கேக் ஒன்று உட்கார்ந்திருந்தால், இங்கே பிறந்து வளர்ந்தவன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு கைகுலுக்கத் தயாராகிவிடுவான். பேச்சும் வேண்டாம், மனக்கசப்பும் வேண்டாம்.

எங்கள் பயிற்சியாளன் தோர்கெய்ரும் இங்கே பிறந்தவன்தான். ஆனால் வளர்ந்து முடிக்கவில்லை. பத்தொன்பது வயதில் பெல்ஜியத்துக்குப் போனான், பிறகு துருக்கி, பிறகு கிரீஸ். அங்கேயெல்லாம் பயிற்சியாளர்களை அனுப்புவது எப்படி என்று அவனே சொல்லியிருக்கிறான். காலையில் கார் நிறுத்துமிடத்தின் கதவு திறக்காது, அவ்வளவுதான்.

அவன் நாட்டுக்காக ஆடியவன். உலகக் கோப்பை வாங்கிய ஒரு அணிக்கு எதிராக ஒரே ஒரு கோல் போட்டான், நாங்கள் ஜெயித்தோம். அந்தக் கோலை நாடு முழுக்கப் பார்த்தது, அவனைத் தவிர. நடுவரிடம் கத்துவதற்காகத் திரும்பியிருந்தான். பந்து அவன் முதுகில் பட்டு உள்ளே போனது. அதற்குப் பிறகு அவன் சாப்பிட்டதெல்லாம் அந்த முதுகின் புண்ணியம். எங்கள் மைதானத்தின் மேற்குப் பக்க இருக்கை வரிசைக்கு அவன் பெயர். போன வருடம் அவனையே பயிற்சியாளராக அழைத்துவந்தபோது ஊரே துறைமுகத்துக்குப் போய் நின்றது.

இந்த வருடம் கோடையிலிருந்து நாங்கள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இன்னும் இரண்டு தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடுவோம். இடைவேளையில் பையன்கள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "கோல் தானா வரும்டா, நீங்க தேடாதீங்க" என்பான். அவன் அனுபவம் அப்படி.

அவனுக்குப் பதிலாக யார் என்பதையும் குழு முடிவு செய்திருந்தது. நான். வரும் திங்கட்கிழமையிலிருந்து. அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க காபிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எட்டு வருடமாக மூன்று பயிற்சியாளர்களுக்கு மைதானத்தில் கூம்பு எடுத்து வைத்தவன் நான். எனக்கு அந்த வேலை வேண்டும். பசிபோல வேண்டும்.

புதன்கிழமை பயிற்சி முடிந்ததும் கேக் வந்தது. வெள்ளைப் பரப்பின் நடுவில் சிவப்பில் ஒன்பது. பையன்கள் உள்ளூர்க்காரர்கள், பார்த்ததும் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். குட்முண்ட் எழுந்து பேசினார். அந்தக் கோலைப் பற்றிப் பேசினார். மழையைப் பற்றிப் பேசினார். மனிதனுக்கு ஓய்வும் ஒரு படகும் எவ்வளவு முக்கியம் என்று பேசினார். "எல்லாருக்கும் ஒரு புது அத்தியாயம் வரும், தோர்கெய்ர். நாங்க எப்பவும் உன் பின்னால இருப்போம்."

தோர்கெய்ர் எழுந்தான். கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு தோத்த பிறகும் எனக்கு கேக் வெட்டறீங்க. வேற எந்த ஊர்ல இது நடக்கும்? துருக்கியில என் கார்ல கல்லெறிஞ்சாங்கப்பா! புது அத்தியாயம்னு சொல்றீங்க. சரி, நான் ஒத்துக்கறேன். இன்னும் ரெண்டு வருஷம். கீழ போனாலும் சேர்ந்தே போவோம், சேர்ந்தே ஏறுவோம்."

யாராவது ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது. சூல்ஃப்ரிட் மரியாதைக்காக ஒரு தடவை கைதட்டினாள். ஒருவர் தட்டினால் மற்றவர் சும்மா இருப்பது எங்கள் ஊரில் பழக்கமில்லை. எல்லாரும் தட்டினார்கள். குட்முண்ட்தான் அதிகம் தட்டினார். நானும் தட்டினேன்.

பிறகு அவர் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போனார்.

"இப்படி ஆயிடுச்சே."

"நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே? இல்லப்பா, உன்னை அனுப்பறோம்னு?"

"அவன் அழுதுட்டு இருந்தான் யோஸ்டெய்ன்! அழற மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"நீங்க பல்லு பிடுங்கும்போது அழறவங்க?"

"அவங்களுக்கு ஊசி போட்டிருப்பேன்." என் தோளில் கை வைத்தார். "நீதான் சொல்லணும். பள்ளிக்கூடத்துல இருந்து அவன்கூட ஆடினவன் நீ. இன்னைக்கே சொல்லு, திங்கட்கிழமை சீட்டு உன்னுது. நீ சொல்லலைன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது, ரெண்டு வருஷம் அவன்தான்."

வெளியே தூறிக்கொண்டிருந்தது. தோர்கெய்ர் மைதானத்தின் ஓரத்தில் ஒரு பந்தைக் காலால் உருட்டிக்கொண்டு நின்றான். சொல்ல வேண்டிய வாக்கியத்தை நடந்துகொண்டே கோர்த்தேன். மூன்று சொற்கள்தான். கிட்டப் போனதும் இரண்டு ஆகிவிட்டது.

"தோர்கெய்ர், கேளு..."

"தெரியும்டா" என்றான்.

"என்ன தெரியும்?"

"குழு யாரையோ அனுப்பப்போகுதுன்னு ஊரெல்லாம் பேச்சு. பெட்ரோல் பங்குல நான் உள்ள போனதும் வாயை மூடிக்கிட்டாங்க. நான் என்ன மடையனா? எல்லாரும் உன் முகத்தைப் பார்க்காம இருக்காங்க. அந்தப் பல்லு டாக்டர் உன்னை மட்டும் தனியா சமையலறைக்குக் கூட்டிட்டுப் போறார். வெளிய வர்றப்ப நீ பேயறைஞ்ச மாதிரி வர்ற."

நான் ஷூவில் ஒட்டியிருந்த புல்லைப் பார்த்தேன்.

"உன்னைத்தானே தூக்கறாங்க?"

மழை கொஞ்சம் வலுத்தது. அவன் தன் குல்லாவைக் கழற்றி என் தலையில் வைத்தான். பள்ளிக்கூட நாட்களில் அவன் எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை.

"நாளைக்குக் காலைல நேரா குட்முண்ட் வீட்டுக்குப் போறேன். யோஸ்டெய்ன் போனா நானும் போறேன்னு சொல்லப்போறேன். தோத்தது என்னால, பழி உன்மேலயா? இவங்களுக்கு வெட்கமே இல்லையாடா?"

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் தெளிவானது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். காலையில் அவனே போய் ராஜினாமா செய்துவிடுவான். குட்முண்ட் மலர்ந்த முகத்தோடு கதவைத் திறப்பார். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. திங்கட்கிழமை நான் பயிற்சியாளன். இவ்வளவு சுத்தமாக எங்கள் ஊரில் இதுவரை யாரும் யாரையும் வேலையைவிட்டு அனுப்பியதில்லை.

"தோர்கெய்ர்..."

"இரு, நான் முடிச்சிடறேன். எனக்கு ஆட்டம் சொல்லிக் கொடுக்கத் தெரியாது. அது எனக்குத் தெரியும். பையன்கள் உன்னைத்தான் பார்க்கறாங்க, நான் பேசறப்பகூட. நீ இல்லேன்னா நான் அந்த பெஞ்சுல வெறும் முதுகுதான்."

பந்தை என் பக்கம் தள்ளினான். நான் அதை நிறுத்தவில்லை. என்னைத் தாண்டி, ஈரமான புல்லில் மெதுவாக உருண்டு போனது.

"அவங்க என்ன சொன்னாலும் சரின்னு சொல்லிடாத. சொல்ல மாட்டேன்னு எனக்கு வாக்கு கொடு, யோஸ்டெய்ன். என்கூட இருடா."