நோட்டில் பத்து நிமிஷம்

ஏஞ்சலினுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அந்த மாட்டுத்தீவன ஆலையில் எல்லோரும் சொல்வார்கள். அது தப்பு. மூக்கு நுனியில் இருந்திருந்தால் ஒரு தும்மலோடு போயிருக்கும். அவளுக்கு அது காலில் இருந்தது. கோபம் வந்தால் படி ஏறுவாள்.

ஏறுவதற்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்த ஆலையை விட்டால் வேறு இடம் கிடையாது. சுற்றிலும் தட்டையான பூமி, நடுவில் முப்பத்தெட்டு மீட்டர் உயர இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் கலவை இயந்திரம். மக்காச்சோளமும் தவிடும் குழாய் வழியே தானாக மேலே போய்விடும். மினரல் பவுடர் மட்டும் பன்னிரண்டு கிலோ பைகளாக, சாமான் ஏற்றும் ஹாய்ஸ்டில் போகும். ஆடி மாதம் அந்த ஹாய்ஸ்டின் மோட்டார் புகைந்து நின்றது. அடுத்த வாரம் மெக்கானிக் வருவான் என்றார்கள். ஆடி போனது, தீபாவளி போனது, கிறிஸ்துமஸும் போனது. மெக்கானிக் வரவில்லை. காண்ட்ராக்ட்டில் ஆறு பெண்கள்தான் வந்தார்கள். ஷிப்டுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு பை, ஒவ்வொரு பைக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு படி. மோட்டாரை விடப் பெண்கள் மலிவு என்று கணக்குப் போட்டவன் எவனோ, அவன் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துதான் போட்டிருப்பான்.

உச்சியில், இயந்திரத்தின் பக்கத்தில், ஒரு நோட்டு கயிற்றில் தொங்கும். கீழே கிளம்பிய நேரம், மேலே வந்த நேரம் என்று இரண்டு கட்டம். ஏஞ்சலின் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே எல்லம்மா அதைக் காட்டி ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தாள். ஆறு பேரிலும் மூத்தவள் எல்லம்மா, வயது நாற்பத்தெட்டு, இரண்டு முட்டியும் தேய்ந்தவள்.

"யாரு எவ்ளோ வேகமா வந்தாலும் நோட்டுல பத்து நிமிஷம்தான் எய்தணும். சீக்கிரம் வந்துட்டா ஜன்னலாண்ட குந்திக்கினு காத்து வாங்கு. மீதி நேரம் முடிஞ்சாதான் எறங்கணும். இன்னா, புரிதா?"

புரிந்தது. எல்லம்மாவுக்கு நிஜமாகவே பத்து நிமிஷம் ஆகும், முட்டி வீங்கிய நாளில் பன்னிரண்டும் ஆகும். ஏஞ்சலினுக்கு நாலு போதும். அந்த ஆறு நிமிஷத்தை அவள் ஜன்னல் ஓரம் கழித்தாள். ஹாய்ஸ்ட் நின்றதிலிருந்து ஆபீஸ் ஆட்கள் எவரும் மேலே எட்டிப் பார்ப்பதில்லை. ஆகையால் ஐந்து மாதம் இந்த ஏற்பாடு யார் கண்ணிலும் படாமல் ஓடியது.

படிக்கட்டுக்கு ஒரே ஓர் ஆபீஸ் ஆள் மட்டும் வருவார், அதுவும் வேலைக்காக அல்ல. புரொடக்‌ஷன் என்ஜினியர் பார்த்திபன். விடிந்ததும் டவுசரும் கலர் கலரான ஷூவுமாக வந்து, கையில் ஒன்றுமில்லாமல் படியில் ஏறி இறங்குவார். மார்கழியில் ஒருநாள் காலை ஷிப்டில், தோளில் பையோடு வந்த ஏஞ்சலின் அவரை ஆறாவது திருப்பத்தில் முந்திக்கொண்டு போனாள். அன்றைக்குக் காலையிலேயே கேட்டில் செக்யூரிட்டி அவளுடைய டிபன் டப்பாவைக் கிளறிப் பார்த்திருந்தான். அந்தக் கோபம் காலில் இருந்தது.

மனிதர் மூச்சு வாங்க மேலே வந்து, "நீங்க எப்பவும் இப்படித்தான் ஏறுவீங்களா?" என்று கேட்டார்.

"நீங்க ஏன் சார் சொம்மா ஏறிக்கினு கீறீங்க?" என்று இவள் திருப்பிக் கேட்டாள்.

அப்போதுதான் அந்தப் பந்தயத்தைப் பற்றிச் சொன்னார். ஜனவரி கடைசி ஞாயிறு, ஆர்.கே.பேட்டை பக்கத்தில் ஒரு மலை. மூன்றே கிலோமீட்டர், ஆனால் நானூறு மீட்டர் நெட்டுக்குத்தான ஏற்றம். இறங்குவதெல்லாம் கணக்கில்லை. ஏறுவதுதான் பந்தயம். சொல்லிக்கொண்டே மனதுக்குள் பெருக்கிப் பார்த்தவர் சிரித்தார். "நீங்க ஒரு ஷிப்டுல நானூத்தி அம்பத்தாறு மீட்டர் ஏறுறீங்க, ஏஞ்சலின். அந்த மலைய விட அதிகம். அதுவும் வெயிட்டோட."

"அப்ப தெனம் ஒரு மெடல் குடுங்க."

வாயில் அப்படித்தான் வந்தது. ஆனால் அன்று சாயங்காலம் கவரைப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அவளுக்கு வேறு யோசனையே இல்லை. எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் முதலாவது வந்தாள். அதற்குப் பிறகு அவள் கால் செய்தது எல்லாம் யாருக்கோ செய்ததுதான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தனக்காக ஒரு மலை ஏற வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை வந்த வேகத்தில் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு டிஜிட்டல் வாட்ச்சும் வாங்கினாள்.

பார்த்திபன் சொல்லிக் கொடுத்தார். முட்டியைத் தூக்கு, கைப்பிடியை இழுக்காதே, மூச்சைப் படியோடு சேர், எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு ஏற்றத்தின் நேரத்தையும் எழுதி வை. எழுதுவதற்கு மேலே வேறு காகிதம் ஏது? நோட்டு இருந்தது. நாலு நிமிஷம். மூன்று ஐம்பது. மூன்று இருபது. இரண்டு ஐம்பத்தைந்து. ஒவ்வொரு எண்ணையும் எழுதும்போது நெஞ்சு நிமிர்ந்தது. தன் கால் செய்த வேலைக்கு முதல்முறையாக ஒரு சாட்சி கிடைத்த மாதிரி இருந்தது. பத்து நிமிஷ ஏற்பாடு நினைவில் இல்லாமல் இல்லை. நான் ஒருத்தி எழுதினால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தாள். முழுகத்தான் செய்தது.

பொங்கல் கழிந்த வாரம் சென்னை ஆபீஸிலிருந்து குணாளன் வந்தார். மனிதவளத் துறை. கையில் அந்த நோட்டு. ஆறு பெண்களையும் கோபுரத்தின் அடியில் நிறுத்தி, பல்லெல்லாம் தெரியப் பேசினார்.

"நம்ம ஏஞ்சலின் மூணு நிமிஷத்துக்குள்ள ஏறுறாங்க. கம்பெனிக்கே பெருமை. அவங்க ரேஸ் செலவு நம்மோடது. ஷூ, பனியன், ஞாயித்துக்கிழமை லீவு, எல்லாம் குடுக்குறோம். போஸ்டர்கூட அடிக்கப் போறோம். அப்புறம் பாருங்கம்மா, ஒருத்தர் மூணு நிமிஷத்துல ஏற முடியும்னா, மத்தவங்களுக்கு ஏன் பத்து? நாங்க நாலு நிமிஷம்னு வைக்கிறோம். சனிக்கிழமை ஸ்டாப்வாட்ச் வச்சிப் பார்ப்போம். நாலுக்குள்ள வர முடியாதவங்க திங்கக்கிழமையிலேர்ந்து வர வேணாம், வேற ஆள் எடுத்துக்குறோம்."

"ஹாய்ஸ்ட்டு சார்?" என்றாள் யாரோ.

"ஆளுங்களே இவ்வளவு ஃபிட்டா இருக்கும்போது ஹாய்ஸ்ட் எதுக்கும்மா?"

இதைச் சொல்லிவிட்டு அந்த ஆள் சிரித்தார். ஏஞ்சலினுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. யார் மீது கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

கைகழுவும் இடத்தில் எல்லம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"நீ ஓடுடி. யாரு வோணான்றா? மலைக்குப் போ, வானத்துக்குப் போ. நோட்டுல எதுக்குடி எய்தின?"

"நெஜத்ததானக்கா எய்தினேன்!"

"நெஜம் எய்தச் சொல்லி உன்ன யாரு கேட்டா? அஞ்சு மாசமா ஹாய்ஸ்ட்டு ஓடல. அதுவும் நெஜம்தான். அத்த எவனாவது எய்தினானா?"

பதில் இல்லாத கோபம்தான் கோபத்திலேயே மோசமானது. ஏஞ்சலின் நேரே பார்த்திபனிடம் போனாள். அவர் முகம் வெளுத்திருந்தது.

"நோட்டக் காட்டினது நான்தான், ஏஞ்சலின். உங்களுக்கு லீவு வாங்கித் தரணும்னுதான். அவர் இப்படித் திருப்புவார்னு எனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாது சார். நீங்க சொம்மா ஏறுறவரு. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." அவரைத் திட்டத்தான் போனாள். திட்டியது தன்னையே என்பது பாதி வழி திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை பத்து மணி. குணாளன் கோபுரத்தின் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஷூ பெட்டி, அதன் மேல் கம்பெனி பேர் போட்ட மஞ்சள் பனியன். உச்சியில் ஸ்டாப்வாட்சோடு பார்த்திபன். அரை நிமிஷத்துக்கு ஒருவராக ஏற வேண்டும் என்பது ஏற்பாடு. முதலில் ஏஞ்சலின்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். புது ஷூ. ஆறு வாரமாகக் கம்பெனி கொடுத்த இரும்பு மூக்கு ஷூவில் ஏறி, இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்திருந்தன. இரண்டே முக்கால் நிமிஷத்தில் ஏறிக் காட்டினால் அந்தப் பெட்டி அவளுக்கு, நாளைக்கு மலை அவளுக்கு. திங்கட்கிழமை எல்லம்மா சோழவரத்தில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான் கணக்கு. இதில் யோசிக்க ஏதாவது இருக்கிறதா என்று அவளுக்குள் ஒருத்தி கேட்டாள். இருக்கிறது, எனக்கு ஓட வேண்டும் என்று இன்னொருத்தி கத்தினாள்.

"அக்கா முன்னால போவட்டும் சார்," என்றாள்.

"யார் முன்னால போனா என்ன, ஆரம்பிங்க."

எல்லம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையைத் தோளில் ஏற்றி முதல் படியில் கால் வைத்தாள். அரை நிமிஷம் கழித்து ஏஞ்சலின் கிளம்பினாள். இரண்டாவது திருப்பத்திலேயே எல்லம்மாவின் முதுகு வந்துவிட்டது. அந்தப் படிக்கட்டில் முன்னால் போகிறவர் ஒதுங்கினால்தான் பின்னால் வருகிறவர் முந்த முடியும். எல்லம்மா ஒதுங்கினாள், சுவரோடு ஒட்டி நின்றாள்.

"போடி."

"நீ போக்கா."

"போய்த் தொலைடி, உன் மலை போயிடும்."

"இன்னாத்துக்கு நிக்கிற? நடக்கா!"

அவள் போட்ட சத்தத்தில் எல்லம்மா நடந்தாள். ஒரு படி, ஒரு மூச்சு. இன்னொரு படி, கைப்பிடியைப் பிடித்து ஒரு முனகல். பின்னால் வந்த நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஏஞ்சலினுக்குப் பின்னால் வந்து சேர்ந்தார்கள். எவளும் முந்தவில்லை. கீழேயிருந்து குணாளன், "ஏம்மா, ஓவர்டேக் பண்ணு! ஏஞ்சலின்! என்ன விளையாட்டு இது?" என்று கத்தினார்.

"படி அகலம் அவ்ளோதான் சார்! வந்து பாருங்க!"

அவர் வரவில்லை. ஏஞ்சலின் அந்த ஆறு வாரத்தில் அப்படிக் கஷ்டப்பட்டதில்லை. வேகமாக ஏறினால் தொடை எரியும், அது பழகிவிட்டது. மெதுவாக ஏறியபோது உடம்பு முழுக்க எரிந்தது. ஒவ்வொரு படியிலும் கால் பாயத் துடித்தது, ஒவ்வொரு படியிலும் அதை இழுத்துப் பிடித்தாள். ஏழாவது திருப்பத்தில் கண்ணில் நீர் வந்தது. துக்கமில்லை, ஆத்திரம்.

உச்சியில் பார்த்திபன் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார், ஆறு பேரையும் பார்த்தார். காகிதத்தில் எல்லம்மாவுக்கு நேரே பதினொன்று நாற்பது என்று எழுதினார். ஏஞ்சலினுக்கு நேரே பதினொன்று பத்து. மற்ற நாலு பேருக்கும் ஆளுக்கு அரை நிமிஷம் குறைவாக, கடைசி ஆளுக்கு ஒன்பது பத்து. ஏன் இவ்வளவு மெதுவு என்று ஒரு வரியும் சேர்க்கவில்லை, அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

பதினொரு நிமிஷம் என்று எழுதிய காகிதத்தை வைத்துக்கொண்டு நாலு நிமிஷம் என்று நோட்டீஸ் ஒட்ட முடியாது. ஆறு பேரையும் அனுப்பிவிட்டால் திங்கட்கிழமை பை தூக்கவும் ஆள் இருக்காது. குணாளன் குனிந்து ஷூ பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பனியனையும் விடவில்லை. "நாளைக்கு டியூட்டிக்கு வந்துரும்மா. லீவு கிடையாது," என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். அந்த அளவு ஷூ அவருக்கும் சேராது, அவர் வீட்டில் யாருக்கும் சேருமோ என்னவோ. கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

"என் கார்ல வந்துடுங்க, நான் பேசிக்கிறேன்," என்றார் பார்த்திபன்.

"ஒருநாள் வரலன்னா காண்ட்ராக்ட்டுல பேர அடிச்சிடுவாங்க சார். நீங்க போங்க. நல்லா ஏறுங்க." கடைசி வார்த்தையை அவள் மனதாரச் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை.

ஞாயிறு காலை ஆறரை. ஆர்.கே.பேட்டையில் பந்தயம் தொடங்கும் நேரம். ஏஞ்சலின் கோபுரத்தின் அடியில் முதல் பையைத் தோளில் போட்டு, வாட்ச்சை அழுத்தினாள். கீழே நாற்காலி இல்லை, மேலே ஸ்டாப்வாட்ச் இல்லை, பார்க்க ஒரு காக்கைகூட இல்லை. ஏறினாள். டிபன் டப்பாவைக் கிளறினவனை மிதித்து ஏறினாள், ஷூ பெட்டியை மிதித்து ஏறினாள், புகைந்த மோட்டாரை, போஸ்டரை, எல்லாவற்றுக்கும் மேலாக நோட்டில் எழுதிய தன் கையை மிதித்து ஏறினாள். பையை இயந்திரத்தின் வாயில் கொட்டிவிட்டு வாட்ச்சைப் பார்த்தாள். இரண்டு நிமிஷம் முப்பத்தெட்டு வினாடி. இதுவரை வந்ததிலேயே இதுதான் குறைவு.

நோட்டை இழுத்தாள். கிளம்பியது 6.30, வந்தது 6.40 என்று எழுதினாள். ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தாள். இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது. மேற்கே மலை எதுவும் தெரியவில்லை, அவ்வளவு தூரம் இங்கிருந்து தெரியாது. உருக்காலைப் புகையும் கொல்கத்தா போகும் லாரிகளும்தான் தெரிந்தன. கால் இன்னும் ஏறிக்கொண்டே இருப்பதுபோல் துடித்தது. அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பின்னாலேயே கிளம்பியிருந்த எல்லம்மா ஒருவழியாக வந்து சேர்ந்தாள். பையைக் கொட்டினாள், நோட்டைப் பார்த்தாள், பிறகு இவள் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"எவ்ளோடி?"

"பத்து."

"நோட்டக் கேக்கல."

"ரெண்டு முப்பத்தெட்டு."

எல்லம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு இன்னும் கோவம் போவலக்கா," என்றாள் ஏஞ்சலின்.

"போவ வோணாம், வச்சிக்க," என்றாள் எல்லம்மா. "இன்னும் பதினோரு பை கீது."