வலது கன்னத்துத் தூக்கம்

மார்ச் 11, செவ்வாய். நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. இஸ்திரி அக்காவின் வலப்பக்கப் படம் கலங்கியதற்குக் கேமராதான் காரணம் என்று எழுதியிருந்தேன். கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. படம் எடுக்கும்போது நான் தூங்கிவிட்டேன். அந்தக் கன்னத்துக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோகிற யாரும் தூங்கிவிடுவார்கள் என்பது பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அங்கே படமெடுக்கும் வேலையில் இருக்கிற எனக்கும் தெரியும், மறந்துவிட்டேன். எதையும் முதலிலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்று நான் போகிற மாலை நேர எழுத்து வகுப்பில் சொல்கிறார்கள். இந்த வரிசை சரிதானா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இஸ்திரி அக்கா ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் நீராவி இயந்திரத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பவர். போன வருடம் ஒரு குழாயின் இணைப்பு விட்டுப்போய், ஆவி அவருடைய வலது கன்னத்தில் அடித்தது. புண் ஆறிவிட்டது. தழும்பு மட்டும் கீழிமையையும் வாயோரத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. அவருக்கு நான்கு வயதில் ஒரு மகள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று மகள் அவரையே பார்த்து, "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். அன்று முதல் அவளுக்குப் பக்கத்துத் தெருவில் சித்தி வீட்டில், அதாவது அக்காவின் தங்கை வீட்டில்தான் படுக்கை. அக்கா தினமும் வேலை முடிந்து அங்கே போவார், கதவோரமாக இடது பக்கம் மட்டும் தெரியும்படி உட்கார்ந்திருப்பார், தனியாகத் திரும்புவார்.

இந்தப் பிரிவுக்கு ஒவ்வொருவரும் ஏன் வருகிறார்கள் என்பது எனக்குத் தீராத வியப்பு. ஒரு தபால்காரர், சின்ன வயதிலிருந்து 'முறம்' என்று கூப்பிடப்பட்டவர், விடைத்த காதுகளைத் தலையோடு சேர்த்துத் தைத்துக்கொண்டார். அதிலிருந்து அந்த ஒரு சொல் மட்டும் அவருக்குக் கேட்பதில்லை. வீட்டில் உண்மையாகவே முறம் வேண்டுமென்றால் அவருடைய அம்மா கையால் காட்டுகிறார். இரட்டையரில் ஒருத்தி மூக்கை மாற்றிக்கொண்டாள். மற்றவளுக்குத் தும்மல் நின்றுபோனது. இஸ்திரி அக்கா விடுப்புக் கேட்டபோது சலவைக்கூடத்தில் அவரைச் சும்மா விடவில்லை. "யாருக்குக் காட்டப் போற? மறுபடியும் பொண்ணு பாக்க வராங்களா?" என்றார்கள். "ஒரே ஒருத்திக்குத்தான். அவதான் பாக்க மாட்டேங்கிறா" என்றார் அக்கா.

தழும்பை வெட்டியெடுத்துவிட்டு வேறிடத்துத் தோலை ஒட்டலாம், எங்கிருந்து எடுக்கலாம் என்று மருத்துவர் கேட்டார். அக்கா இடது கையை நீட்டி, முழங்கை மடிகிற உட்பக்கத்தைக் காட்டினார். "இங்க எடுத்துக்குங்க டாக்டர். இப்பல்லாம் இங்க யாரும் தலை வச்சுப் படுக்கிறதில்ல." மகள் பிறந்ததிலிருந்து தூங்கிய இடம் அது. மருத்துவர் நிறம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தார்.

தோல் நன்றாகப் பிடித்துக்கொண்டது. தையல் பிரிக்கக் குனிந்த நர்ஸ் இடுக்கியைப் பிடித்தபடியே தூங்கினார். வெளிநோயாளிகள் பெஞ்சில் அக்காவின் வலப்பக்கம் உட்கார்ந்த தபால்காரர் அவர் தோளில் சாய்ந்து தூங்கித் தன் முறையைத் தவறவிட்டார். அவசரத்தில் 'முறம், முறம்' என்று கூப்பிட்டு எழுப்பப் பார்த்தார்கள். அது எப்படி அவருக்குக் கேட்கும்? தோல் தன் பழைய வேலையை மறக்கவில்லை என்றார் மருத்துவர். அதற்கு மருந்து ஏதும் எழுதவில்லை. சலவைக்கூடத்தில் சூப்பர்வைசர் அக்காவின் வலப்பக்கம் சுவர் வருகிற மாதிரி இயந்திரத்தை நகர்த்திப் போட்டார். அதோடு அந்தப் பேச்சு அங்கே முடிந்தது.

இமையும் வாயும் தம் இடத்துக்குத் திரும்பியபின் ஒரு மாலை மகள் கதவோரம் வந்து அக்காவை உற்றுப் பார்த்தாள். "வந்துட்டியா" என்று சொல்லி மடியில் ஏறிக்கொண்டாள். ஆனால் பழையபடி இடது கையில் தலை வைத்தால் தூக்கம் வரவில்லை. அந்த இடம் இப்போது வெறும் கை. மகள் புரண்டாள், சிணுங்கினாள், எழுந்து சித்தியிடம் போய்விட்டாள். நாள் தவறாமல் இதுவே நடந்தது. அக்கா மருத்துவரிடம் வந்தார். "இதைத் திரும்பக் கையிலேயே வச்சிடுங்க டாக்டர்."

"வச்சா முகம் மறுபடி இழுக்கும்மா. பொண்ணு உன்னைப் பாக்க மாட்டாளே."

"பாத்துட்டுப் பாத்துட்டுத்தான் எழுந்து போறா" என்றார் அக்கா. யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள்.

யோசித்துச் சொன்னவர் தங்கைதான், அதுவும் பாத்திரம் துலக்கிக்கொண்டே. "அக்கா, ஊரையே தூங்க வைக்கிற கன்னத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு அவளுக்குக் கையை நீட்டுற. இன்னும் யாருக்கு மறைக்கிற?" அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தழும்பு போனபிறகும் மகளைத் தூங்க வைக்கும்போது அவர் ஒரு தடவைகூட வலது பக்கத்தை அவளிடம் திருப்பவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் அக்கா இடது பக்கமாக ஒருக்களித்து, வலது கன்னம் மேலே இருக்கும்படி பாயில் படுத்தார். மகள் பக்கத்தில் வந்து அந்தக் கன்னத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். "கை மாதிரி இருக்கு" என்றாள். தலையை அதன்மேல் வைத்து, "அம்மா, நாளைக்கு..." என்று தொடங்கியவள் அதற்குள் தூங்கிவிட்டாள். அவளைத் தூக்கிப் படுக்கையில் போடக் குனிந்த சித்தியும் அங்கேயே சரிந்து தூங்கினார்.

மகள் இப்போது தன் வீட்டில்தான் இருக்கிறாள். அக்காவுக்குக் கழுத்துவலி, எங்கள் பிசியோதெரபி பிரிவில் அதற்குப் பயிற்சி சொல்லித் தருகிறார்கள், இடது பக்கம் நின்றபடி.

நாளை: கலங்கிய வலப்பக்கப் படத்தை மறுபடியும் எடுக்க வேண்டும். கேமராவை ஸ்டாண்டில் பொருத்திவிட்டு நான் கதவருகே நிற்க வேண்டும்.