நாற்பதில் முப்பத்தாறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, பேக்கரியின் பின்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, மரம் ஏறும் மீனைப் பற்றிய தாளை விரித்து லட்சுமணசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டபோது, செயலாளர் தம்பிதுரை தொண்டையைச் செருமினார்.

"தலைவரே, ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஒரு சங்கதிங்க. நம்ம சென்னகிருஷ்ணனை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களாமா. கால் புண்ணு முத்திப்போச்சாமா. ரெண்டு வெரலை எடுக்கோணும்னு டாக்டர் சொல்லிப்போட்டாராம்."

"எப்ப?"

"நாளைக்குக் காலையிலங்க. சர்க்கரை நானூறைத் தாண்டி நிக்குதாம். அது எறங்குனாத்தான் கத்தி வெக்க முடியுமாம். எறங்குலீன்னா வெரலோட நிக்காதுங்கறாங்க."

இரண்டு மூன்று பேர் 'ச்சு' கொட்டினார்கள். வெஜிடபிள் பப்ஸ் வந்தது. சற்று நேரம் அதை ஊதித் தின்பதிலேயே துக்கம் அனுசரிக்கப்பட்டது. பிறகு பொருளாளர், "நீங்க படிங்க தலைவரே, மீனுக்கு என்ன ஆச்சு?" என்றார். லட்சுமணசாமி படித்தார். மீன் மரம் ஏறியது. எதற்கு ஏறியது, ஏறி என்ன செய்தது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்து வந்ததே தவிர அவர் காதில் விழவில்லை.

வைகறை நடையாளர் பேரவை பதினொரு பேர் கொண்டது. அதில் ஒன்பது பேருக்குப் பதவி இருந்தது. மீதி இரண்டு பேர் செயற்குழு. லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்பு, ஆண்டுவிழா எல்லாம் உண்டு. தினமும் ரேஸ்கோர்ஸை இரண்டு சுற்றுச் சுற்றி, அங்கே கரைத்ததை இந்தப் பேக்கரியில் மீட்டுக்கொண்டு வீடு திரும்புவார்கள். தலைவர் பதவிக்கு லட்சுமணசாமியைத் தவிர வேறு யாரும் தோதுப்பட மாட்டார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கணபதியில் மோட்டார் பம்புக்கு இரும்பு உருக்கி ஊற்றும் பவுண்டரி வைத்திருந்தவர், அதை மகனிடம் விட்டுவிட்டு, ஐம்பத்தெட்டு வயதில் இன்டர்நெட்டுக்கு வந்தார். விசிட்டிங் கார்டில் ஈமெயில் முகவரி அச்சடித்த முதல் நடையாளர் அவர்தான். அந்த முகவரிக்குக் கடிதம் போடுபவர் அமெரிக்காவில் இருக்கும் மருமகன் ஒருவர் மட்டும்தான். அவரும் நலம் விசாரிக்கும் வழக்கமில்லை. தனக்கு யாரோ தள்ளியதை மாமனாருக்குத் தள்ளிவிடுவார்.

அதுவே போதுமானதாக இருந்தது. பன்னிரண்டு வருஷம் விக்கிய மனிதன், ஜப்பானில் சதுரமாகக் காய்க்கும் தர்ப்பூசணி, தவளை மழை பெய்த ஊர் என்று வாரம் ஒன்றாக அவர் வாசிக்க, பேரவை வாயைப் பிளந்தது. ஒருமுறை, 'இக்கடிதத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தொழில் படுத்துவிடும்' என்றொரு மெயில் வந்தது. பேரவையில் அவரைத் தவிர யாருக்கும் ஈமெயில் கிடையாது. ஆனாலும் அவர் அசரவில்லை. பத்து ஜெராக்ஸ் எடுத்து, உறையிலிட்டு, நேரில் கொடுத்தார். தன்னைத் தவிர்த்துச் சரியாகப் பத்துப் பேர் இருந்ததைத் தெய்வச் செயல் என்றே தம்பிதுரை மினிட் புத்தகத்தில் எழுதினார்.

அப்படி அவர் வாசித்த வேலாங்காய் சங்கதி இரண்டு மாதத்துக்கு முந்தியது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஏதோ ஒரு செடியின் விதையைப் பொடித்துக் கொடுத்துப் பார்த்ததில், பதினைந்தே நாளில் நாற்பதில் முப்பத்தாறுக்குச் சர்க்கரை சரியான அளவுக்கு வந்துவிட்டது என்றும், அந்த நாட்களில் வேறு மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை என்றும் போட்டிருந்தது. செடியின் பெயர் லத்தீனில் இருந்தது. கறுப்பு வெள்ளையில் அச்சான படமோ, நம் காட்டோரத்தில் வெள்ளாட்டுக்கு உலுக்கிப் போடுகிற வேலாங்காய் மாதிரியே இருந்தது. "நம்ம ஆடு தின்னுக்கிட்டு இருக்கறதை அவன் ஆராய்ச்சி பண்றானுங்க!" என்று லட்சுமணசாமி கையை உயர்த்தியபோது எழுந்த கைதட்டலில் பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். பேரவையில் ஏழு பேருக்குச் சர்க்கரை. ஆறு பேர் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள், அத்தோடு சரி. சென்னகிருஷ்ணன் மட்டும் மறுநாளே மதுக்கரைப் பக்கம் போய் ஒரு சாக்கு வேலாங்காய் வாங்கி வந்து, பொடித்துத் தின்னத் தொடங்கினார்; மாத்திரையை நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து லட்சுமணசாமி சொன்னதைச் செய்து பார்க்கிற ஒரே ஆள் அவர்தான்.

படித்துக்கொண்டிருந்த தாளில் மீன் மரத்திலிருந்து இறங்கிய இடத்தில் லட்சுமணசாமிக்கு ஒரு ஞாபகம் வந்தது. வேலாங்காய்த் தாளை எடுத்த அன்றைக்கு, பிரவுசிங் சென்டர் நடத்தும் ஜபருல்லா கேட்டார்: "ரெண்டு பக்கம் வருதுங்க சார், போடட்டுங்களா?" பிரிண்ட் ஒரு பக்கம் பத்து ரூபாய். பவுண்டரியில் டன் கணக்கில் இரும்பைக் கொதிக்க வைத்தவர், "மொதப் பக்கம் போதும் பாய். சாரம் பூராவும் அதுலயே வந்துருச்சு" என்றார்.

பேக்கரியிலிருந்து கிளம்பி அவர் சென்டரை அடைந்தபோது மணி பதினொன்று. ஆர்.எஸ்.புரத்தில் இருபது வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திய அதே மாடியறையில்தான் ஜபருல்லா ஐந்து கம்ப்யூட்டர்களைப் போட்டிருந்தார். ரிப்பன் மை வாசனை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை.

"வாங்க சார். மெயில் பாக்கறீங்களா?"

"இல்லீங்க பாய். ரெண்டு மாசம் முன்னால ஒண்ணு எடுத்தனே, சர்க்கரை வியாதி சமாச்சாரம். அதுல ரெண்டாவது பக்கம்... இப்ப மறுபடி எடுக்க முடியுங்களா?"

ஜபருல்லா சிரித்தார். "எடுக்கவே வேண்டாங்க. நீங்க ஒண்ணு போதும்னு சொல்றதுக்குள்ள மெசினு ரெண்டையும் தள்ளிப்போட்டுதுங்களே. பின்பக்கம் வெள்ளையா இருக்குதேன்னு தூக்கிப் போட மனசு வரலீங்க. ஆளுங்க வர்ற நேரம் போற நேரம் எழுதறதுக்கு வெச்சுக்கிட்டேன்." மேஜை இழுப்பறையில் கிளிப் போட்ட கட்டு ஒன்றைப் புரட்டி, ஒரு தாளை உருவினார். பின்புறம் பென்சிலில் கேபின் எண்ணும் மணிக்கணக்குமாக நிறைந்திருந்தது. "வெச்சுக்குங்க சார். காசெல்லாம் வேண்டாங்க."

லட்சுமணசாமி நின்றுகொண்டே படித்தார். பத்தே வரிதான். மேலே சொன்ன நாற்பதும் ஆய்வுக்கூடத்து வெள்ளெலிகள். மனிதரிடம் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. அந்தச் செடி ஆப்பிரிக்காவில் ஒரு மலைச்சரிவில் மட்டுமே வளர்வது. நோயாளிகள் எக்காரணம் கொண்டும் தங்கள் மருந்தை நிறுத்தக் கூடாது. இந்தக் கடைசி வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

"உக்காருங்க சார். தண்ணி குடிக்கறீங்களா?" என்றார் ஜபருல்லா.

படியிறங்கும்போதே லட்சுமணசாமி தன் தரப்பு வழக்கைத் தொடங்கிவிட்டார். நான் மாத்திரையை நிறுத்தச் சொன்னேனா? சொல்லவில்லை. போட்டிருந்ததைப் படித்தேன், அவ்வளவுதான். ஆறு பேர் சும்மா இருக்கவில்லையா? அவர்களுக்கு இருந்த புத்தி இவனுக்கு ஏன் இல்லை? புதுச் செருப்புக் கடித்த புண்ணை ஒரு மாதம் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தது யார் தப்பு? வாதம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. தடாகம் ரோட்டைத் தாண்டும்போது அது மடங்கி விழுந்தது. அன்று தாளைப் படித்து முடித்தபின், கைதட்டல் கொஞ்சம் தணிந்த நேரத்தில், அதைத் திரும்ப எழுப்புவதற்காக அவர் ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருந்தார். "இதையெல்லாம் மாத்திரைக் கம்பெனிக்காரன் வெளிய விடுவானுங்களா? விடமாட்டான்!" அது எந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வந்ததல்ல. ஆனால் அன்று எல்லாவற்றையும்விட அதற்குத்தான் கைதட்டல் பலமாக இருந்தது. நாற்பதில் முப்பத்தாறு என்று அச்சில் இருந்ததை நாற்பது பேரில் முப்பத்தாறு பேர் என்று வாசித்ததும் அவரேதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பங்காரம்மா எதிர்ப்பட்டார். சென்னகிருஷ்ணனின் மனைவி. நான்கு நாளாகத் தூங்காத கண்கள்.

"அண்ணா, நல்லவேளை வந்தீங்க. நர்சு குடுக்கற மாத்திரையைக் கடவாயில ஒதுக்கி வெச்சுக்கிட்டு, அவங்க அந்தப் பக்கம் போனதும் துப்பிப்போடறாருங்க. ஊசின்னா கையவே நீட்டறதில்லை. கேட்டா, பொடி உள்ள வேலை செய்யுது, கெட்டதைப் புண்ணு வழியா வெளிய தள்ளுதுங்கறாரு. டாக்டர் வேற, நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போங்கன்னு சத்தம் போட்டுட்டாருங்க. எங்க யாரு பேச்சும் ஏறலை. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

"நான் சொல்றேன் அம்மணி," என்றார் லட்சுமணசாமி. சட்டைப்பையில் தாள் மொரமொரத்தது.

அறையில் இரண்டு கட்டில்கள். சென்னகிருஷ்ணன் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது காலில் கட்டு கணுக்கால்வரை ஏறியிருந்தது. டெட்டாலையும் மீறி ஒரு வாடை. அடுத்த கட்டிலில் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் ஒருவர் வாயைத் திறந்தபடி தூங்கினார். அவர் காலிலும் கட்டு. அவருடைய மனைவி மாரியாத்தாள் சென்னகிருஷ்ணனின் கட்டிலருகில் நின்று, அவர் நீட்டிய பொடிப் பொட்டலம் ஒன்றை இரண்டு கையாலும் வாங்கி, சேலை முந்தியில் முடிந்துகொண்டிருந்தார்.

"வாப்பா லட்சுமணா!" சென்னகிருஷ்ணனின் முகம் காய்ச்சலில் மினுமினுத்தது. "அம்மணி, நான் சொன்னனே தலைவரு, இவருதான். இன்டர்நெட்ல எடுத்தது இவருதான்."

மாரியாத்தாள் கும்பிட்டார். "நல்லா இருப்பீங்க சாமி. எங்க ஊட்டுக்காரருக்கும் இன்னிக்கே குடுத்துப்போடறனுங்க. அந்த மாத்திரையத் தின்னு தின்னு மனுசன் நாராப் போயிட்டாருங்க."

லட்சுமணசாமி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முதலில் சுலபமான வழியில் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது.

"ஏப்பா கிருஷ்ணா, பொடி பாட்டுக்குப் பொடி இருக்கட்டும். கூடவே இந்த மாத்திரை, ஊசி எல்லாம் ரெண்டு நாளைக்குப் போட்டுக்கயேன். ஒண்ணும் கெட்டுப்போகாது."

சென்னகிருஷ்ணன் அவரையே பார்த்தார். பிறகு, திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் போல மெல்லச் சிரித்தார்.

"உன்னையும் புடிச்சுட்டானுங்களா?"

"ஆரு?"

"மாத்திரைக் கம்பெனிக்காரன். விடமாட்டானுங்கன்னு நீதானப்பா சொன்ன? அந்த டாக்டரு உன்கிட்ட என்ன சொன்னான்?"

"டாக்டரை நான் பாக்கவே இல்லை."

"பின்ன ஏன் மொகம் இப்படி இருக்குது?"

பங்காரம்மா வாசலில் சேலைத் தலைப்பை வாயில் வைத்தபடி நின்றிருந்தார். லட்சுமணசாமி அவரைத் தாண்டி வராந்தாவைப் பார்த்தார். தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். நாளைக் காலைவரை தள்ளிப்போடலாம். ஆனால் நாளைக் காலைதான் கத்தி. அவர் தாளை எடுத்தார்.

"கிருஷ்ணா, அந்தச் சமாச்சாரத்துக்கு இன்னொரு பக்கம் இருந்துதப்பா. அன்னிக்கு நான் எடுக்குல. இன்னிக்குத்தான் பார்த்தேன். இந்தா, நீயே படி."

சென்னகிருஷ்ணன் கையை நீட்டவில்லை. "நீ படி. வாரா வாரம் நீதான படிக்கற?"

லட்சுமணசாமி கண்ணாடியை மாட்டினார். மெதுவாக, நண்பருக்கு மட்டும் கேட்கும்படி படிக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். முதல் வரியைத் தமிழாக்கி வாயைத் திறந்ததும், பழக்கதோஷம், அந்த ஞாயிற்றுக்கிழமைக் குரல் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. "மேலே குறிப்பிட்ட நாற்பதும்..." வராந்தாவில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். இந்தக் குரலை எப்படி இறக்குவது என்று தெரியாமலே அவர் வெள்ளெலிவரை படித்தார், மனிதரிடம் சோதிக்கவில்லைவரை படித்தார், ஆப்பிரிக்காவைப் படித்தார், தடித்த எழுத்தையும் படித்தார். முடித்தபோது, கைதட்டலுக்கென்று விடுகிற இடைவெளியைத் தன்னையறியாமல் விட்டதும் அவருக்குத் தெரிந்தது.

"நாப்பது பேருன்னு படிச்சயே," என்றார் சென்னகிருஷ்ணன்.

"படிச்சேன்."

"எலியா?"

"எலிதானப்பா."

சென்னகிருஷ்ணன் தன் கட்டுப் போட்ட காலை, யாரோ தன் கட்டிலில் மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் போலப் பார்த்தார். கோபம் வரும் என்று லட்சுமணசாமி எதிர்பார்த்தார். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொண்டு, இடையில் மாத்திரையைக் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு கணக்கு உள்ளே ஓடியது. ஆனால் சென்னகிருஷ்ணன், பரீட்சைத் தாளில் விட்டுப்போன கேள்வியைக் கேட்கும் பையனைப் போல, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்:

"சரி. கம்பெனிக்காரன் இதை வெளிய விடமாட்டான்னு ஒண்ணு சொன்னயே. அது எந்தப் பக்கத்துலப்பா போட்டிருக்குது?"

லட்சுமணசாமி தாளைத் திருப்பிப் பார்த்தார். அங்கே பென்சில் மணிக்கணக்குதான் இருந்தது. பங்காரம்மா உள்ளே வந்து மேஜைமேல் இருந்த மாத்திரைக் கிண்ணத்தையும் தண்ணீர் டம்ளரையும் எடுத்துக் கணவர் பக்கமாக நீட்டியபடி நின்றார். சென்னகிருஷ்ணனின் பார்வை லட்சுமணசாமியின் வாயை விட்டு நகரவில்லை.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் மாரியாத்தாள் முந்தி முடிச்சை அவிழ்த்திருந்தார். பொட்டலம் உள்ளங்கையில் இருந்தது. தூங்குகிற தன் கணவரை ஒருமுறை பார்த்தார். பிறகு கொடுத்தவரை ஒருமுறையும் படித்தவரை ஒருமுறையுமாக மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், சூடான பாத்திரத்தைத் தாங்குகிறவர் போலக் கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டியபடியே நின்றார்.