பன்னிரண்டு நிமிடம் முந்திய கடிகாரம்

பல் டாக்டர் எந்த இடத்துக்கும் சொன்ன நேரத்துக்குப் போனதாகச் சரித்திரம் கிடையாது. அவளுடைய கல்யாணத்துக்கே, விருந்தாளிகள் எல்லாம் வந்து உட்கார்ந்து அலுத்த பிறகுதான் வந்து சேர்ந்தாள். கேட்டால், "எங்க ஓடிப் போகப்போகுது?" என்பாள். உண்மையில் எதுவும் ஓடிப் போனதும் இல்லை. பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். முன்மேஜையில் உட்கார்ந்து அவர்களைச் சமாளிக்கும் கணவரும் காத்திருந்தார்.

அவளுக்கு வானப் பைத்தியமும் உண்டு. கிளினிக்கின் மொட்டைமாடியில் ஒரு தொலைநோக்கி வைத்திருந்தாள். பொழுது சாய்ந்ததும் அது தானாகவே மேற்கு வானத்தைத் துண்டு துண்டாகப் படம் பிடிக்கும். படங்கள் கீழே, எக்ஸ்ரே பார்க்கிற கம்ப்யூட்டரில் வந்து விழும். எந்தப் படம் எப்போது எடுத்தது என்பதை அந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரமே குறித்துவிடும். மறுநாள் ஒருவருக்கு ஈறில் ஊசி போட்டுவிட்டு, அது மரத்துப்போவதற்குள் நாலு படம் பார்த்துவிடுவாள்.

அப்படித்தான் ஒரு நாள் சிக்கியது. எக்ஸ்ரேயில் சொத்தையைத் தேடிப் பழகிய கண்; சாம்பல் நிறத்துக்குள் இன்னொரு சாம்பல் நிறம் இருந்தால் அதற்குத் தப்பாது. ஒரே இடத்தை எடுத்த மூன்று படங்களிலும் ஒரு மங்கிய பொட்டு, நட்சத்திரங்களுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருந்தது. அதன் ஓரம் பஞ்சு மாதிரி கலைந்திருந்தது. வால்நட்சத்திரம்! யாருடைய பட்டியலிலும் இல்லாத புது வால்நட்சத்திரம். நாற்காலியில் வாயைப் பிளந்து கிடந்தவரை அப்படியே விட்டுவிட்டு முன்மேஜைக்கு ஓடினாள்.

மூன்று சாயங்காலம் படமெடுத்து, அது எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று அளந்து, உலகம் முழுவதிலிருந்தும் இப்படிப்பட்ட அளவுகளை வாங்கிச் சேர்க்கும் அலுவலகத்துக்கு அனுப்பினாள். பிறகு வேறு இரண்டு நாடுகளிலும் பார்த்து உறுதி செய்தார்கள். அதற்குள் வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கி, அந்தி வெளிச்சத்தில் மறைந்துவிட்டது.

அதன் பிறகுதான் தலையில் இடி விழுந்தது. அந்த அலுவலகத்தில் பாதை கணக்கிடுகிறவர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். மற்றவர்களின் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன, உங்களுடையவை ஒட்டவில்லை, அதனால் அவற்றை விட்டுவிட வேண்டியிருக்கிறது. ஆனால் ஆரம்ப நாட்களின் அளவு உங்களிடம் மட்டும்தான் உண்டு. அது இல்லாவிட்டால், சூரியனைச் சுற்றிவிட்டு இது எந்தப் பக்கம் வெளியே வரும் என்று சொல்ல முடியாது. இவ்வளவு மங்கலான ஒன்றை, இடம் தெரியாமல் மறுபடி யாரும் பிடிக்கப் போவதில்லை.

கண்டுபிடித்தவளே தொலைத்தவளும் ஆகப்போகிறாள். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொலைநோக்கியைத் திட்டினாள், கண்ணாடியைத் துடைத்தாள், எல்லாப் படங்களையும் மறுபடி அளந்தாள். அளவில் ஒரு தப்பும் இல்லை.

கடிதத்தைக் கணவரும் படித்தார். படித்ததும் முகம் மாறி, வீட்டுக்குக் கீழே இருந்த கிளினிக்குக்கு இறங்கிப் போய், கொஞ்ச நேரம் கழித்து வந்தார்.

"அந்தக் கம்ப்யூட்டர் கடிகாரத்தை நான்தான் அஞ்சு நிமிஷம் முன்னாடி தள்ளி வெச்சிருந்தேன். அதைப் பார்த்தாவது நீ அடுத்த ஆளைச் சீக்கிரம் கூப்பிடுவேன்னுதான். இப்போ நெட்டோட சேர்த்து, தானாவே சரியாகிற மாதிரி பண்ணிட்டேன்."

நல்ல காரியம் செய்துவிட்டு வந்த முகம். அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனாலும் காரணம் கிடைத்ததே என்று உட்கார்ந்து, ஐந்து நிமிடத்தைக் கழித்துப் போட்டுப் பார்த்தாள். முன்னைக்குத் தேவலை, அவ்வளவுதான். ஒட்டவில்லை.

மறுநாள் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் இதைக் கேட்டதும் கையை நிறுத்தினாள்.

"சார் தள்ளி வெச்சது எனக்குத் தெரியாது மேடம். நானும் தள்ளி வெச்சேன்."

எவ்வளவு என்று கேட்டால், கொஞ்சம்தான் என்றாள். சரியாக ஞாபகமில்லை. கடிகாரத்தை அப்படியே விட்டிருந்தால் சரியான நேரத்தோடு ஒப்பிட்டு உடனே சொல்லியிருக்கலாம். புண்ணியவான் அதைத்தான் முதல் வேலையாகச் சரி பண்ணிவிட்டாரே.

எவ்வளவு கழித்தால் மற்றவர்களோடு ஒட்டுகிறதோ அதையே போட்டு அனுப்பிவிடலாம் என்றார் கணவர். யாருக்குத் தெரியப்போகிறது?

"பொருந்துற நேரத்தைத் தேடிப் போட்டா அது அளவு இல்லைங்க," என்றாள். "ஆசை."

அதற்கப்புறம் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. பேச ஆளில்லாமல் அந்தப் படங்களையே புரட்டிக்கொண்டிருந்தவள், ஓரத்தில் இன்னொரு புள்ளி நகர்வதைக் கவனித்தாள். முன்பே பார்த்துத் தள்ளிவிட்ட புள்ளிதான். பல தலைமுறைகளாக எல்லாரும் அறிந்த ஒரு சிறுகோள். அது எந்த நொடியில் எங்கே இருக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு. அப்படியானால், படத்தில் அது இருக்கும் இடத்தைக் கொண்டு படம் நிஜத்தில் எடுக்கப்பட்ட நேரத்தைச் சொல்லிவிடலாம். உடனே அளந்தாள். மூன்று சாயங்காலமும் ஒரே பதில். கடிகாரம் பன்னிரண்டு நிமிடம் முந்தியிருந்தது. ஐந்து கணவருடையது, மிச்சம் நர்ஸின் 'கொஞ்சம்'.

நடந்ததை நடந்தபடியே அலுவலகத்துக்கு எழுதினாள். தன் தாமதத்தையும், இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் அதற்கு வைத்தியம் பார்த்ததையும் மறைக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. சிறுகோளின் அளவுகளையும் சாட்சிக்குச் சேர்த்தாள்.

பதிலோடு பாதையே வந்தது. இப்போது எல்லாம் கச்சிதமாக ஒட்டியிருந்தன. சூரியனைச் சுற்றி முடித்து, கிழக்கே, விடிவதற்குச் சற்று முன் எந்த இடத்தில் தெரியும் என்று குறித்திருந்தார்கள். கடைசி வரியை மட்டும் அவள் திரும்பவும் படித்தாள். இந்த வால்நட்சத்திரத்துக்கு இது முதலும் கடைசியுமான வருகை. சூரியக் குடும்பத்தை விட்டே போய்விடும், திரும்பாது.

குறித்த நாளில் அலாரம் அடித்து, அவளை உலுக்கி எழுப்பக் கணவர் கையை நீட்டினார். பக்கத்தில் அவள் இல்லை. மொட்டைமாடிக்குப் போனார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தொலைநோக்கியோடு இணைத்த லேப்டாப் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சொன்ன இடத்திலேயே இருந்தது அந்த மங்கிய பொட்டு, இப்போது குட்டி வாலோடு. அவள் அழுதுகொண்டிருந்தாள், துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

எப்போது வந்தாய் என்று கேட்டார்.

"அப்பவே வந்துட்டேன்." நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்தாள். "சீக்கிரம் வந்து பாருங்க. இது ஓடிப் போயிடும்."