மன்னிப்பு எழுதிய தாள்

கலைப் பிரிவில் சேர்ந்தவர்கள் வரலாறு படிக்கலாம், இலக்கியம் படிக்கலாம், தத்துவமும் படிக்கலாம். எதைப் படித்தாலும் அறநெறித் தாளில் தேறாமல் அடுத்த ஆண்டுக்குப் போக முடியாது. கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் அல்லவா, நல்லவனாக்காமல் யாரையும் வெளியே விடமாட்டார்கள். அந்தத் தாளை நடத்துகிறவர் கலைப் பிரிவின் டீன். பேச்சில் அவ்வளவு வழுவழுப்பு இருந்ததால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் வெண்ணெய்.

அங்கே அட்டெண்டராக இருந்தவரின் மகள் வரலாறு இரண்டாம் ஆண்டு. ஊழியர் பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவள். அவளுடைய அறநெறித் தாள் சிவப்பு மையில் சுழித்துத் திரும்பி வந்தது.

உனக்குத் தீங்கு செய்தவரை நீ மன்னித்த கதையை எழுது என்பது கேள்வி. அவள் வெண்ணெயைப் பற்றியே எழுதிவிட்டாள். விடைத்தாள் கட்டு மழையில் நனைந்துபோனதற்காக, அட்டெண்டரைக் கரும்பலகை ஓரம் நிறுத்தி, சொட்டச் சொட்ட அந்தக் கட்டை ஏந்த வைத்து, ஒரு மணி நேரம் 'கடமை' பற்றிப் பாடம் எடுத்தவர் அவர். மூன்றாவது பெஞ்சில் மகள் உட்கார்ந்திருந்தாள். 'நான் மன்னிக்கவில்லை' என்று தாளை முடித்திருந்தாள்.

"எனக்குக் கோபமே இல்லம்மா," என்றார் வெண்ணெய். "கேள்வி மன்னிப்பப் பத்தி. இதுல அது இல்லியே, நான் எதுக்கு மார்க் போடுறது? திங்கக்கிழமைக்குள்ள வேற எழுதிக் குடு. இல்லேன்னா தாள் போச்சு, தாளோட கட்டணச் சலுகையும் போச்சு. விதி நான் போட்டதில்ல."

வீட்டில் அவள் பேனாவைத் தொடவே இல்லை.

"அந்தாள மன்னிச்சேன்னு எழுத எனக்குக் கை வராதுப்பா."

"கை வராட்டி என்ன, பேனா வருமில்ல? எழுதித் தொலை."

"மாட்டேன்."

பிடிவாதம் அவளுக்குத் தாய்வழிச் சீதனம். அட்டெண்டர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"சரி, அவன் பேச்சே வேணாம். என் மேல போடு."

"என்னது?"

"நான் கெடுதல் செஞ்சேன், நீ மன்னிச்சே. கதை முடிஞ்சுது. நான் என்ன கேஸா போடப்போறேன்?"

"நீ என்னப்பா செஞ்சே? முட்டையைக் கருக்கினதைத் தவிர?"

"அதுக்கெல்லாம் மார்க் விழாது. பெருசா எழுது. அவங்களுக்கு ரத்தம் தெரியணும்."

முதல் மதிப்பெண் வாங்கிய தாளை, எழுதியவரே புதன்கிழமை சேப்பல் வழிபாட்டில் நின்று படிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அட்டெண்டருக்குத் தெரியாத வழக்கம் இல்லை. தன் மகள் முதலாவதாக வருவாள் என்று மட்டும் அவர் நினைக்கவில்லை. பெற்றவனே பிள்ளையைக் குறைத்து எடைபோட்டால் வேறு என்ன நடக்கும்?

புதன்கிழமை அவர் சேப்பலின் பின்சுவரோரம் நின்றார். படிக்கிறவர்களின் காகிதம் பறக்காமல் மின்விசிறியை அணைப்பது அவர் வேலை. அணைத்தார். மகள் படித்தாள். குடித்துவிட்டு வந்து அம்மாவின் நெற்றியில் நாற்காலியை எறிந்த அப்பாவின் கதை. அம்மா சாகும்வரை மறையாத தழும்பு. அந்தத் தழும்பு நிஜம்தான். நோயோடு கிடந்தவள் குளியலறையில் வழுக்கி விழுந்து நெற்றி உடைந்ததும், அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இவர் ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் தாளில் இல்லை. குடியைத் தொட்டறியாத மனுஷன், கேட்கக் கேட்க அவருக்கே நாக்கு கசந்தது.

"அப்பா, உன்னை மன்னித்துவிட்டேன்," என்று முடித்தாள். தாளைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. முன்வரிசையில் மூக்கு சிந்தும் சத்தம். பெண்கள் விடுதி வார்டன் திரும்பி அட்டெண்டரை மேலும் கீழுமாகப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் போட்டார்.

மறுநாள் வெண்ணெய் கூப்பிட்டனுப்பினார்.

"வாய்யா. கடவுள் சன்னிதியில உன் பொண்ணு உன்ன மன்னிச்சிட்டா. நானும் மன்னிச்சிட்டேன். சந்தோஷம்தானே?"

"சந்தோஷங்கய்யா."

"ஆனா மன்னிப்பு வேற, நடவடிக்கை வேற. வீட்டுல பொம்பளைய அடிக்கிறவன் இங்க வேலை செய்யக்கூடாதுன்னு ஊழியர் விதி இருக்கு. முந்நூறு பேர் கேட்டாச்சு, நான் மட்டும் காதப் பொத்திக்க முடியுமா? மாசக் கடைசியோட நின்னுக்கோ."

"என் பொண்ணு படிப்புங்கய்யா..."

"நீ ஊழியரில்லேன்னா அவ எப்படிய்யா ஊழியர் பிள்ளை?"

அட்டெண்டர் வாயைத் திறந்தார். வெண்ணெய் புன்னகையோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"என்ன, அவ எழுதினது பொய்னு சொல்லப்போறியா? சொல்லேன். சேப்பல்ல நின்னு பொய் படிச்சவள இன்னிக்கே நீக்கிட்டு, நடத்தைச் சான்றிதழ்ல அதையே எழுதிடறேன். அப்புறம் எந்தக் காலேஜ்ல சேத்துக்குவாங்கன்னு பாரு."

இந்த ஆளுக்கு எல்லாம் தெரியும் என்று அட்டெண்டருக்கு அப்போதுதான் உறைத்தது.

"பொய் இல்லீங்க," என்றார். "அடிச்சேன்."

"நாற்காலியாலயா?"

"நாற்காலியாலதாங்க."

"எழுதிக் கையெழுத்துப் போடு."

போட்டார். வெண்ணெய் அதை மடித்து உறையில் வைத்துக்கொண்டு, இன்னொரு காகிதத்தை நீட்டினார். "அப்படியே இதையும் ஒட்டிட்டுப் போயிடு."

அறநெறித் தாளின் மதிப்பெண் பட்டியல். வெளியே மகள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னப்பா சொன்னாரு?"

"நல்லா எழுதியிருக்கியாம்."

அறிவிப்புப் பலகையில் நாலு மூலைக்கும் நாலு குண்டூசி குத்தினார். மேலேயே முதல் வரியில் மகளின் எண். காற்றில் பட்டியலின் நடுப்பகுதி தூக்கிக்கொண்டு நின்றது. இன்னொரு குண்டூசியை எடுத்து நடுவிலும் ஒன்று குத்தினார்.