சர்வர் சித்தப்பா

ஆஸ்பத்திரிச் சமையலறையை ஒட்டிய அறையில் புது சர்வர் வைக்க டெக்னீஷியன் வந்தார். பழையதைக் கழற்றும்போது டயட்டீஷியனுக்கு மனசே இல்லை. நோயாளி சாப்பிடுவதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு புரதம் என்று கணக்குப் போடும் சாஃப்ட்வேருக்கு இத்தனை வருஷமும் தீனி போட்டது அந்தப் பெட்டிதான்.

அது வந்தபோது உணவுப் பிரிவில் இரண்டே பேர். இவளும், எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பாததால் 'தராசு' என்று பெயர் வாங்கிய தோழியும். "நாளைக்கு சர்வர் வருது" என்று தராசு சொன்னதும் சமையல்காரர், "எந்த ஓட்டல்ல வேலை பார்த்தவராம்?" என்று அக்கறையாக விசாரித்தார். இருவருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. அன்றே பெட்டிக்குப் பெயர் விழுந்தது: சர்வர் சித்தப்பா. சூப்பையும் ரொட்டியையும் தராசு நிறுத்துச் சொல்லச் சொல்ல, இவள் தட்டச்சு செய்து ஏற்றுவாள். "சித்தப்பாவுக்கு ஊட்டியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார்கள்.

தராசு கல்யாணமாகி வேறு ஊர் போனாள். போன் பேச்சு மெல்லக் குறைந்து, நின்றே போனது.

"மேடம், டேட்டாபேஸ் முழுசா ஏறிடுச்சு" என்றார் டெக்னீஷியன். "ஆனா வார்டுல ஒண்ணுமே திறக்கலை. எல்லா கம்ப்யூட்டரும் 'சித்தப்பா'ன்னு எதையோ தேடுது. வைரஸா இருக்குமோ?"

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. கூடவே கண்ணும் நிறைந்தது. கேலிப் பெயரையே தராசு அசல் பெயராகப் பதிந்துவிட்டுப் போயிருக்கிறாள்!

"வைரஸ் இல்லைங்க, எங்க ஆளுதான். புதுசுக்கும் அதே பேரை வச்சிடுங்க."

பெயரை மாற்றியதும் வார்டுகள் வேலை செய்தன. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனை எடுத்தாள்.

"அடியே, சித்தப்பா போயிட்டாருடி."

"ஐயையோ! எந்தச் சித்தப்பா?"

"நம்ம சர்வர் சித்தப்பா."

மறுமுனையில் அதே பழைய, ஊரைக் கூட்டும் சிரிப்பு. சிரித்து ஓய்ந்ததும் தராசின் குரல் இறங்கியது.

"எனக்கு இப்ப பிரஷர்டி. உப்பைக் குறைன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"அப்ப கிளம்பி வா. உன் சாப்பாட்டுக் கணக்கை நானே போட்டுத் தர்றேன்."

அந்தச் சனிக்கிழமையே தராசு பஸ் ஏறி வந்தாள், தலை பாதி நரைத்து. உப்பு குறைத்த சூப்பை ஒரு வாய் வைத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"அடிப் பாவி, இதையா நாம ஊருக்கெல்லாம் கொடுத்தோம்?"

"பேசாம குடி" என்று டயட்டீஷியன் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.