அடுப்புக்குக் குடிபெயர்ந்த ஷாக்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல, அண்ணியுடையது. கேஸ் அடுப்பைத் தொட்டால் சுளீரென்கிறது என்று அவள் சொன்னாள். அண்ணன் சிரித்தான். நான், இதில் ஒரு கதை இருக்கிறதே என்றேன். எங்கள் இருவரையும் அண்ணி ஒரே முறைப்பில் முடித்துவிட்டாள்.

2

முதல் தொடக்கம்: அந்தச் சமையலறையில் மரணம் ஒரு மஞ்சள் குழாயாக…

[இந்த வரியை அடித்தாயிற்று. அண்ணி எட்டிப்பார்த்து, "சமையல்கட்டுல மரணமெல்லாம் வேண்டாம். அங்க நிக்கிறது நான்" என்றாள்.]

நேராகவே சொல்கிறேன். முதலில் ஷாக் அடித்தது வாஷிங் மெஷின். வீட்டு வேலைக்கு வெளியாளைக் கூப்பிட்டால் அண்ணனுக்குக் கௌரவக் குறைச்சல். ப்ளக்கில் எர்த் சரியில்லை என்று கண்டுபிடித்தவன், மெஷினிலிருந்து ஒரு பச்சை ஒயரை இழுத்து, தெருவிலிருந்து அடுப்புக்கு வரும் கேஸ் குழாயில் சுற்றி முறுக்கினான். இரும்புக் குழாய், மண்ணுக்குள் போகிறது, வேறென்ன வேண்டும்? மெஷின் அடங்கியது. அண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தான். மெஷினில் கசிந்த மின்சாரமோ குழாய் வழியாக அடுப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

(வீட்டின் எர்த்தோடு கேஸ் குழாயைத் தடித்த ஒயரால் முறையாக இணைத்துவைப்பது பாதுகாப்பு. ஒரு மெஷினின் கசிவுக்குக் குழாயையே வடிகாலாக்குவது வேறு கதை. எங்காவது ஒரு மூட்டில் பொறி தெறித்தால், உள்ளே ஓடுவது தண்ணீரல்ல.)

3

அண்ணன் என்ற கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். இப்படியொரு பிடிவாதக்காரனை நீங்கள் நம்புவீர்களா? ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. அடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. "எல்லாம் உன் பிரமை" என்றான்.

ஒருநாள் அவசரத்தில் அண்ணி, வீட்டுக்குள்ளும் அவன் போட்டுக்கொண்டே திரியும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சுளீர் இல்லை. கழற்றிவிட்டு ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றாள். சுளீர்.

கேஸை மூடினாள். மெஷின் ப்ளக்கைப் பிடுங்கினாள். அடுப்பின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஒயர்மேன் வர்ற வரைக்கும் இந்த வீட்ல அடுப்பு எரியாது."

"பசிக்குதே" என்றான் அண்ணன்.

"எனக்கும்தான்."

4

முடிவு ஒன்று: வெடிப்பு. ஜன்னல் கண்ணாடிகள்…

[விட்டுவிட்டேன். "நான் சொன்னது நிஜம்னு காட்ட வீடே வெடிக்கணுமா?" என்று அண்ணி கேட்டாள்.]

முடிவு இரண்டு: ரோஷம் பொத்துக்கொண்டு வர, அண்ணன் செருப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்குகிறான். மெஷினை ஓடவிட்டு வெறுங்காலோடு அடுப்பைத் தொட்டுப் பார்த்துவிடுவது என்று ப்ளக்கை நோக்கிப் போகிறான். அண்ணி எழுந்து குறுக்கே நிற்கிறாள்.

"கை வைக்காதீங்க. உங்களுக்கு அடிச்சாத்தான் நம்புவீங்களா? நான் சொன்னா பத்தாதா?"

அண்ணன் ஒற்றைச் செருப்போடு நிற்கிறான். அவன் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதினால் தம்பி பாசம் குறுக்கே வரும். ஒயர்மேனை மட்டும் உங்களிடம் விடுவதாக இல்லை. பேனாவை மூடிவிட்டுப் போன் செய்தேன். அவர் படியேறிக்கொண்டிருக்கிறார்.